இறுவட்டுக்குப் பூட்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பாடல் இறுவட்டுகளை (சீ.டி.களை) கணினியில் இட்டால் பாடாதபடியும், அவற்றிலிருந்து பிரதி எடுக்க முடியாதபடியும் பூட்டி விற்கும் வழக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் பத்திரிகையின் ஊடாக மலையகக் கலைஞர்களுக்கும் வாசகர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். இருபது வருடங்களுக்கு முன்னரே ஓய்ந்துபோன வழக்கந்தானே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வரும்வரை.

அவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தம் பாட்டி பாடிய தாலாட்டுகளையும், மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பாடக் கேட்டு வளர்ந்த பாட்டுகளையும், மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாட்டுகள் சிலவற்றையும் தாமே பாடிப் பதிவு செய்திருக்கிறார். பதிவுச் செலவுக்கு மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. இறுவட்டைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் இடத்தில், சிறிது கூடுதலாகப் பணம் தந்தால் யாரும் 'கொப்பி' பண்ண முடியாதபடி 'லொக்' போட்டுத் தருகிறோம் என்று சொன்னார்களாம். "போடச் சொல்லட்டுமா, டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்பதை முழுவதும் விளக்குவதற்குள் ஹட்டனுக்கான கடைசி பஸ் வரும் நேரமாகிவிட்டது. அவருக்குச் சொல்லாமல் விட்ட மிகுதியை அவரைப் போன்ற மற்றவர்களும் அறிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு என் மைத்துனர் இங்கிலாந்திலிருந்து வந்தபோது எனக்காக ஒரு வயலின் இசை இறுவட்டை வாங்கி வந்தார். அப்போது எங்கள் வீட்டில் இறுவட்டு இசைக்கும் தனிக் கருவி இல்லை. மகளின் உயர்தரப் பரீட்சைக்கென்று தவணை முறையில் வாங்கிய கணினிதான் வீட்டில் எழுத்து வேலைக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் பயன்பட்டது. மலையகத்தில் அந்தக் காலத்தில் கணினி வாங்க முடிந்த குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. தோட்டத்து வீட்டில் ஒரு கணினியை வைக்க இடம் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கையில், அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியை யார் வாங்குவார்கள்?

அந்த இறுவட்டைக் கணினியில் இட்டதும் பாட்டு எழவில்லை. ஆங்கிலத்தில் நீண்ட நிபந்தனைகளுடன் ஒரு சாளரம் திறந்தது. சம்மதம் என்று அழுத்தினால்தான் மேலே செல்ல முடியும் என்றிருந்ததால் அழுத்தினேன். அதன்பின் இறுவட்டிலேயே வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு மென்பொருள் பாட்டை இசைத்தது. ஆனால் கேட்ட ஒலி மெலிந்து, வில்லின் உராய்வு தெரியாமல், தகரத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. இறுவட்டில் இருந்த முழுமையான இசையைக் கணினிக்கு மறைத்துவிட்டு, சுருக்கப்பட்ட வேறொரு பதிவையே அந்த மென்பொருள் எடுத்துக் கொடுத்தது என்பது பின்னர்தான் தெரிந்தது.

எனக்கு வேண்டியிருந்தது மிகச் சிறிய காரியம். மூன்றாவது உருப்படியில் வரும் ஒரு பகுதியைக் கணினியில் சேமித்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, விரல் எங்கே வழுக்குகிறது, வில் எங்கே திரும்புகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கேட்கக் காட்ட வேண்டும். நல்ல வித்துவான் ஒருவரை நேரில் கேட்க எங்கள் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு தடவைகூட வாய்ப்புக் கிடைப்பதில்லை. பதிவிலிருந்து மெதுவாகக் கேட்டுப் பழகுவதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி. அந்த வழியைத்தான் இறுவட்டு அடைத்தது. பாடசாலைக் கணினியில் இட்டுப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. இறுவட்டு உள்ளே விர்ரென்று சுழன்று சுழன்று நின்றது, கணினி உறைந்துபோனது, தட்டு வெளியே வர மறுத்தது. கடைசியில் ஒரு கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி, முகப்பிலுள்ள சிறு துளையில் குத்தித்தான் அதை வெளியே எடுத்தோம். அன்றைய பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மைத்துனர் திரும்பிப் போய், வாங்கிய கடையில் கேட்டபோது, பிரித்த இறுவட்டைத் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சில கணினிகளில் இயங்காமற் போகலாம் என்ற எச்சரிக்கை உறையின் பின்பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் அச்சாகியிருந்தது உண்மைதான். அதே காலத்தில் ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் நூற்றைம்பது பாட்டுகளை ஒரே தட்டில் நெருக்கிப் பதிந்து, உறையும் பெயருமின்றி விற்ற திருட்டு இறுவட்டுகள் எந்தக் கணினியிலும் முதல் தடவையிலேயே பாடின. நேர்மையாக வாங்கிய என்னை வாசலிலேயே மறித்த பூட்டு, திருடியவரிடம் வாங்கியவரை மறிக்கவேயில்லை. நான் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கும். இனி எழுதுவதெல்லாம் இது ஏன் இப்படி ஆகிறது என்பதற்கான விளக்கமே.

இசை இறுவட்டின் அமைப்பை பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980இல் வகுத்தன. ஒரு வினாடி இசையை 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பொறிக்க வேண்டும் என்பது முதல் தட்டின் தடிப்பு வரை அந்த விதிகளில் உண்டு. பூட்டு என்று சொல்லத்தக்க எதுவும் அவற்றில் இல்லை. ஏனென்றால் அன்று இறுவட்டை வாசிக்கக்கூடிய வீட்டுக் கணினி என்று ஒன்று கிடையாது. இருபது வருடங்கள் கழித்துப் பூட்ட நினைத்தவர்கள் அந்த விதிகளை மீறித்தான் பூட்ட வேண்டியிருந்தது. இறுவட்டு இசைக்கும் சாதாரணத் தனிக் கருவி தட்டின் முதற் பகுதியிலுள்ள பொருளடக்கத்தை மட்டுமே வாசிக்கும். கணினியோ கடைசியாகப் பதியப்பட்ட பகுதிவரை சென்று வாசிக்கும். ஆகவே கடைசிப் பகுதியில் பொய்யான பொருளடக்கம் ஒன்றை எழுதிக் கணினியை ஏமாற்றினார்கள். வேறு சிலர் இசைத் தரவுகளுக்கு இடையில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள். இறுவட்டு இசைக்கும் கருவி அந்தப் பிழையை முன்பின் உள்ள அளவுகளைக் கொண்டு ஊகித்து நிரப்பிக்கொண்டு போய்விடும். கணினி அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயன்று திணறும். பாடசாலையில் எங்கள் கணினி உறைந்தது இப்படிப்பட்ட ஒரு காரணத்தால்தான் என்று நம்புகிறேன். இவ்வாறு விதி மீறிய தட்டுகளில் இறுவட்டுக்குரிய அதிகாரபூர்வச் சின்னத்தை அச்சிடக் கூடாது என்று அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிலிப்ஸ் நிறுவனமே 2002ஆம் ஆண்டளவில் ஆட்சேபித்தது. இறுவட்டு என்று நம்பி நாம் வாங்கியது, இறுவட்டை உருவாக்கியவர்களின் கணக்கில் இறுவட்டே அல்ல.

பிழை புகுத்தும் முறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மலைநாட்டுக்கு அதுதான் மிகவும் கேடானது. இறுவட்டில் கீறல் விழும், தூசு படியும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, இழந்த தரவை மீட்டெடுக்கும் ஒரு கணித ஏற்பாட்டை அதன் அமைப்பாளர்கள் தட்டுக்குள்ளேயே வைத்தார்கள். தடத்தில் தொடர்ச்சியாக ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தரவு அழிந்துபோனாலும் ஒரு சுரம் குறையாமல் திருப்பித் தரும் வல்லமை அதற்கு உண்டு. பாவிக்கிறவர்களின் கைத்தவறுகளைப் பொறுத்துக்கொள்வதற்காக வைக்கப்பட்ட சேமிப்பு அது. பூட்டுப் போடுகிறவர் வேண்டுமென்றே பிழை புகுத்தும்போது, தட்டு கடைக்கு வருமுன்பே அந்தச் சேமிப்பில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறார். பிறகு உண்மையான கீறல் விழும்போது தாங்குவதற்கு மீதம் குறைவு.

எங்கள் ஊரில் தட்டுகள் படும் பாட்டை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். வைகாசியில் பிடிக்கும் மழை விட்டு விட்டுப் புரட்டாசி வரை பெய்யும். அலுமாரிக்குள் வைத்த சேலையிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது, இறுவட்டு எம்மாத்திரம்? தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் பிளாஸ்டிக் காப்பு உண்டு. ஆனால் பெயர் அச்சிடப்பட்ட மேற்பக்கத்தில் மெல்லிய அலுமினியப் படலத்தை மூடியிருப்பது ஒரு பூச்சு மாத்திரமே. பலரும் அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மேற்பக்கத்தை மேசையில் தேய்க்கிறார்கள், பேனாவால் பெயர் எழுதுகிறார்கள். அந்தப் பூச்சில் வெடிப்பு விழுந்து ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகும், பிறகு மீட்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் நான் சங்கீத ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் வாங்கிய மூலத் தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு பிரதியையே வகுப்பில் பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். ஒரு தவணைக்குள் அந்தப் பிரதி கீறல் விழுந்து கெட்டுவிடும். மூலம் அப்படியே இருக்கும். பிரதி எடுக்க முடியாத தட்டை நான் வகுப்புக்குக் கொண்டுபோவதா, அலுமாரியிலேயே வைத்து அழகு பார்ப்பதா?

நம் நாட்டுச் சட்டமும் இதை அடியோடு தடுக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாகப் பெற்ற ஒரு பிரதியிலிருந்து ஒருவர் தம் சொந்தத் தேவைக்காக மட்டும் ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. சட்டம் திறந்து வைத்த கதவைத் தட்டு விற்பவர் தாமாகவே அடைப்பது எந்த வகையில் நியாயம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அப்படி அடைத்தும் பயன் இருந்ததா என்றால், இல்லை. 2002இல், தட்டின் விளிம்பிலுள்ள பொய்ப் பகுதியைச் சாதாரண 'மார்க்கர்' பேனாவால் கறுப்பாக்கிவிட்டால் ஒருவகைப் பூட்டுச் செயலிழந்துவிடும் என்பது உலகம் முழுவதும் செய்தியானது. 2003இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ஹால்டர்மன் இன்னொரு வகையைச் சோதித்து, தட்டை இடும்போது விசைப்பலகையில் 'ஷிப்ட்' விசையை அழுத்திப் பிடித்திருந்தாலே பூட்டு மென்பொருள் தொடங்காது என்று எழுதினார். அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடரப்போவதாக முதலில் அறிவித்தது. ஓரிரு நாட்களில் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. எத்தனையோ இலட்சம் தட்டுகளில் ஒரேயொரு தட்டின் பூட்டு உடைந்தாலும் அந்தப் பாட்டு இணையத்துக்குப் போய்விடும். அதன்பின் மற்ற எல்லாத் தட்டுகளிலும் உள்ள பூட்டுகள் யாரைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன? காசு கொடுத்து வாங்கியவர்களை மட்டுந்தான்.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை என் மாணவருக்கு முழுமையாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சோனி பிஎம்ஜி நிறுவனம் ஐம்பதுக்கு மேற்பட்ட இசைத் தொகுப்புகளின் தட்டுகளில் ஒரு பூட்டு மென்பொருளைச் சேர்த்து விற்றது. தட்டை விண்டோஸ் கணினியில் இட்டவர்களின் கணினிக்குள் அது புகுந்து, உரிமையாளரின் கண்ணுக்கே தெரியாதபடி தன்னை மறைத்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் தம் சொந்தக் கணினியில் அதைக் கண்டுபிடித்து 2005 ஒக்டோபர் 31ஆம் திகதி வெளியிட்டார். ஒரு குறித்த எழுத்துத் தொடரில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அந்த மென்பொருள் மறைத்துவிடும் என்பதால், சில நாட்களிலேயே கணினி நச்சுநிரல்களை எழுதுவோர் தங்கள் நிரல்களுக்கும் அதே எழுத்துகளில் பெயர் சூட்டி அந்த நிழலில் ஒளிந்துகொண்டார்கள். அதை அகற்ற முயன்ற சிலருக்கு, கணினியில் தட்டை வாசிக்கும் பகுதியான இறுவட்டுச் செலுத்தியே செயலிழந்தது. நவம்பர் மாதம் தட்டுகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது, வழக்குகள் தொடர்ந்தன, 2007 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் செய்த இணக்கத்தின்படி, கணினி பழுதானவர்களுக்கு 150 டொலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு பாட்டைக் கேட்பதற்காக வீட்டுக்குள் அழைத்த விருந்தாளி, வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போன கதை இது. அங்கே கேள்வி கேட்க நீதிமன்றமும் ஆணைக்குழுவும் முன்வந்தன. தலவாக்கலையில் அப்படி ஒரு தட்டால் கெட்டுப்போன கணினியின் சொந்தக்காரர் யாரிடம் போய் நிற்பார்?

அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் இறுவட்டில் பூட்டுப் போடுவதை ஒவ்வொன்றாக நிறுத்தின. இணையத்தில் விற்ற பாட்டுகளிலும் 2007 தொடங்கிப் பூட்டுகள் கழன்றன. 2009ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தின் கடையிலும் பாட்டுகளைப் பூட்டின்றி விற்கும் முடிவு வந்தது. கோடிக்கணக்கில் பணம் செலவழித்துப் பார்த்தவர்களே பயனில்லை என்று கைவிட்ட ஒன்றை, அடகுக் காசில் தட்டு வெளியிடும் மலையகக் கலைஞர் ஏன் கைக்கொள்ள வேண்டும்?

கலைஞரின் பக்கத்திலுள்ள வேதனையை நான் அறியாதவள் அல்ல. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, முதற்பிரதி பெற்று, படம் பிடித்துக்கொண்டவர்களின் வீட்டுப் பிள்ளைகளே மறுவாரம் அதைக் கைத்தொலைபேசியில் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதைக் கண்டு மனம் நொந்த கலைஞர்களை எனக்குத் தெரியும். அது தவறு, உழைத்தவரின் கூலியைப் பறிப்பது. தட்டை விலைக்கு வாங்காமல் பாட்டை மட்டும் கேட்டு வாங்குகிறவர்களிடம் நானே பலமுறை கடிந்து பேசியிருக்கிறேன். ஆனால் அந்த வேதனைக்குப் பூட்டு மருந்தாகாது. இன்றைக்குத் தட்டை வாங்குகிறவர் அதை எங்கே கேட்கிறார் என்று பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இறுவட்டுச் செலுத்தியே இல்லை. முச்சக்கர வண்டியிலும் வேனிலும் பாட்டு ஒலிப்பது 'பென் டிரைவ்' மூலம். திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறவரும் அதைத்தான் கேட்கிறார். தட்டை வாங்கியவர் செலுத்தி உள்ள ஒரு பழைய கணினியைத் தேடிப்போய், பாட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றினால்தான் தாம் வாங்கியதைத் தாமே கேட்க முடியும். பூட்டிய தட்டு அவருக்கு ஒரு வட்டக் கண்ணாடித்துண்டு மட்டுமே. முதல் தட்டில் ஏமாந்தவர் அடுத்த கலைஞரின் தட்டையும் வாங்கமாட்டார் என்பதே என் பெரிய பயம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தோட்டத்துப் பாட்டுகள் இதுவரை பிழைத்து வந்தது ஒருவர் பாடியதை இன்னொருவர் கேட்டுப் பாடியதால். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிவைத்திராவிட்டால் அவற்றில் பல இன்று நமக்குக் கிடைத்திரா. என் மாணவரின் பாட்டி பாடிய தாலாட்டுக்கு அந்த மாணவரின் குரலைத் தவிர இன்று வேறு சாட்சி இல்லை. சொற்பப் பிரதிகளே வெளிவரும் அந்தத் தட்டு இருபது வருடங்களில் பூஞ்சணம் பிடித்து அழியும்போது, யாரோ ஒருவர் தம் கணினியில் மாற்றி வைத்த பிரதிதான் அந்தப் பாட்டைக் காப்பாற்றப்போகிறது. அந்த ஒருவரின் கையை இப்போதே கட்டிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே தட்டு வெளியிடும் கலைஞர்களிடம் நான் கேட்பது, பூட்டுக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் உறையை நல்ல தாளில் அச்சிட்டு, பாட்டுகளின் வரிகளையும், அவற்றை யாரிடம் எந்தத் தோட்டத்தில் கேட்டோம் என்ற குறிப்பையும் சேருங்கள். அது திருட்டுப் பிரதியில் கிடைக்காது. வாங்குவதற்கு அதுவே ஒரு காரணமாகும். 'வாங்கியவர் தம் சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், பிறருக்கு வழங்கவோ விற்கவோ வேண்டாம்' என்று உறையில் தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். அப்படி நம்பிக் கேட்டால் எங்கள் மக்களில் பெரும்பாலானோர் மதித்து நடப்பார்கள் என்பது என் அனுபவம். பூட்டிய தட்டைத்தான் விற்பேன் என்பவர்கள், எதில் பாடும், எதில் பாடாது என்பதை உறையின் முன்பக்கத்தில் படிக்கத்தக்க எழுத்தில் அச்சிட வேண்டும்; பாடாத தட்டைத் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுக்கவும் வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய நூல்களையும் இறுவட்டுகளையும் அறிமுகப்படுத்தும் பகுதியில், அந்த இறுவட்டு கணினியில் தடையின்றிப் பாடுகிறதா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், தூரத்துத் தோட்டங்களிலிருந்து பணம் அனுப்பி வாங்குகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

என் மாணவரின் இறுவட்டு தைப்பொங்கலை ஒட்டி வெளிவர இருக்கிறது. பூட்டு வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். பத்துப் பிரதிகளுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்பது, நான் கற்பித்த பாடசாலைக்கும் அயலிலுள்ள பாடசாலைகளுக்கும் போகும். பத்தாவது என் அலுமாரியில், 2004இல் வந்த அந்த வயலின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
தலவாக்கலை.